சனியை நேருக்கு நேர் பார்த்த இரவு

நான் பிறந்து வளர்ந்தது காரைக்காலில். திருநள்ளாறு அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர்தான். எங்கள் வீட்டில் சனீஸ்வரனைப் பற்றிப் பேசும்போது பெரியவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். கோயிலுக்குப் போனாலும் அவர் சந்நிதியில் நேர் எதிரே நிற்கக் கூடாது, ஓரமாக ஒதுங்கி நின்றுதான் கும்பிட வேண்டும் என்பது அம்மாவின் கண்டிப்பான உத்தரவு. அப்படிப்பட்ட அம்மாவையே கூட்டிக்கொண்டு போய், 1987-ஆம் வருஷம் மே மாதக் கடைசியில், கொடைக்கானல் மலைமேல் அவரை நேருக்கு நேர் பார்த்துவிட்டு வந்தேன். அந்தக் கதையையும், எந்தக் கருவி வழியாகப் பார்த்தோமோ அதன் வீட்டுக் கதையையும் இன்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த வருஷம் எனக்கு நேரம் சரியில்லை. அலுவலகத்தில் ஒரு கோப்பு காணாமல் போய், கடைசியாகக் கையெழுத்துப் போட்டு வாங்கியவன் நான் என்று என்மேல் விசாரணை நடந்துகொண்டிருந்தது. எனக்கு விருச்சிக ராசி. சனி அப்போது விருச்சிகத்தில்தான் இருந்தார். ஜென்மச் சனி. அம்மாவுக்கு இதற்குமேல் சாட்சியம் தேவைப்படவில்லை. நளதீர்த்தத்தில் முழுக்கு, எள் தீபம், கறுப்பு வஸ்திரம் எல்லாம் ஆயிற்று. கோப்பு வரவில்லை. பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை, நாலு நாள் எங்காவது போய்விட்டு வரலாம் என்று மனைவி சொன்னதால் கொடைக்கானல் போனோம். அங்கே மலையுச்சியில் உள்ள சூரிய ஆராய்ச்சி நிலையத்தில் இரவில் பார்வையாளர்களுக்கு வானம் காட்டுகிறார்கள் என்று விடுதியில் யாரோ சொன்னார்கள். கிளம்பிவிட்டோம்.

அமாவாசைக்கு இரண்டு மூன்று நாள் முன்னால். நிலா இல்லை. குளிரென்றால் அப்படி ஒரு குளிர். அம்மா தலைவரை கம்பளியைப் போர்த்திக்கொண்டு, "இங்க எதுக்குடா வந்தோம்" என்று கேட்டுக்கொண்டே வந்தார். அரைக்கோள மாடம் ஒன்றின் கூரையில் ஒரு கீற்று திறந்திருந்தது. அதன் வழியாக வானத்தை நோக்கி ஒரு நீண்ட குழாய். வாயின் அகலம் 8 அங்குலம். "இது 1860-களில் மெட்ராசுக்கு வந்த டெலஸ்கோப்புங்க, லண்டன்ல டிரவுட்டன் அண்ட் சிம்ஸ் கம்பெனி செஞ்சது" என்றார் அங்கிருந்த ஊழியர். நூறு வருஷத்துக்கு மேலான பொருள் என்றதும் அம்மாவுக்கு அதன்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. பழைய பாத்திரத்தைத் தொடுவதுபோலத் தொட்டுப் பார்த்தார். ஊழியர் ஒன்றும் சொல்லவில்லை.

முதலில் தெற்கே, மலை விளிம்புக்குச் சற்று மேலே இருந்த ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைக் காட்டினார். வெறும் கண்ணுக்கு ஒன்று. குழாய்க்குள் பார்த்தால் இரண்டு, பக்கத்தில் பக்கத்தில், இரண்டும் மஞ்சள். அல்ஃபா சென்டாரி என்று பெயர் சொன்னார். நான் சட்டென்று, "இதை இரட்டை என்று முதலில் கண்டது பாண்டிச்சேரியில்தானே?" என்று கேட்டேன். அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

இதில் என் கெட்டிக்காரத்தனம் எதுவும் இல்லை. நான் படித்தது பிரெஞ்சு வழியில். எங்கள் வாத்தியார் ஒருவருக்கு இந்த மாதிரிக் கதைகள் என்றால் உயிர். ரிஷோ என்ற பிரெஞ்சு ஏசு சபைப் பாதிரியார் 1689 டிசம்பரில் பாண்டிச்சேரியில் ஒரு வால்மீனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, இந்த நட்சத்திரம் இரண்டாகப் பிரிந்து தெரிவதைக் கண்டு எழுதி வைத்தார். இந்திய மண்ணிலிருந்து தொலைநோக்கியால் செய்த கண்டுபிடிப்புகளில் மிகப் பழையது அதுதான். லெ ஜான்தீய் கதையை அதே வாத்தியார் கண்ணில் நீர் ததும்பச் சொல்வார். சுக்கிரன் சூரியனின் முகத்தைக் கடப்பதைப் பார்க்க அந்த மனிதர் பிரான்சிலிருந்து கப்பலேறினார். 1761-இல் பாண்டிச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டதால் இறங்க முடியாமல், ஆடுகிற கப்பலிலிருந்தே பார்க்க வேண்டியதாயிற்று. அது கணக்குக்கு உதவாது. எட்டு வருஷம் இந்தப் பக்கத்துக் கடல்களிலேயே சுற்றிவிட்டு, 1769 ஜூன் 4 காலை பாண்டிச்சேரியில் எல்லாம் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தார். சரியாக அந்த நேரத்துக்கு மேகம் வந்து மூடிக்கொண்டது. ஊர் திரும்பினால், இறந்துபோனவர் என்று தீர்மானித்து அவர் சொத்தைப் பங்கு போட ஆரம்பித்திருந்தார்கள். "அவருக்கு அப்போ என்ன திசை நடந்துச்சோ" என்பார் அம்மா, நான் இதைச் சொல்லும்போதெல்லாம்.

ஒன்பதரை மணிக்கு மேல்தான் சனி நல்ல உயரத்துக்கு ஏறி வந்தார். கேட்டை நட்சத்திரத்துக்குக் கிழக்கே, நிதானமான மஞ்சள் வெளிச்சம். குழாயைத் திருப்பி, திருகுகளைச் சரிசெய்து, ஊழியர் ஒதுங்கினார். பிள்ளைகள் பார்த்தார்கள், மனைவி பார்த்தாள், நான் பார்த்தேன். அந்த வருஷம் வளையம் நன்றாக விரிந்து சாய்ந்திருந்தது. கறுப்புத் துணியில் வைத்த சின்ன நகை மாதிரி, நடுவே உருண்டை, சுற்றிலும் வளையம், இரண்டுக்கும் இடையே கன்னங்கரேலென்ற இடைவெளி. எத்தனை படம் பார்த்திருந்தாலும் அந்த இடைவெளியைக் கண்ணால் பார்க்கிறபோது வயிற்றில் ஏதோ செய்கிறது.

அம்மா வரமாட்டேன் என்றுவிட்டார். "நேரா பாக்கக் கூடாதுடா." ஊழியர் பொறுமைசாலி. "பாட்டிம்மா, இந்தக் குழாய்ல எல்லாம் தலைகீழாத்தான் தெரியும். நேரா பாக்கறதே இல்ல" என்றார். அது உண்மையும்கூட. அம்மா ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, போர்வையை ஒதுக்கிக் குனிந்தார்.

ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "தம்பி, உள்ள படம் எதுவும் ஒட்டி வெச்சிருக்கீங்களா?" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். ஊழியர் சிரிக்கவில்லை. "இப்ப நான் குழாயை அசைக்காம விட்டுடறேன். கண்ணை எடுக்காம பாருங்க" என்றார்.

"ஐயோ, நகர்றாரே... ஓரத்துக்குப் போறாரே... போயிட்டாரே!"

"படம் நகராது இல்லீங்களா பாட்டிம்மா?"

அம்மா நிமிர்ந்தார். "மந்தன்னு சொல்வாங்க. இப்படி ஓடுறாரே?"

அவர் ஓடவில்லை, நாம்தான் சுற்றுகிறோம், பூமி சுற்றுகிற வேகம் அது என்று ஊழியர் விளக்கினார். அங்கிருந்து வெளிச்சம் நம்மிடம் வர ஒண்ணேகால் மணி நேரம் ஆகிறது, நீங்கள் பார்த்தது எட்டு மணி வாக்கில் கிளம்பிய வெளிச்சம் என்றும் சொன்னார். அம்மா தலையாட்டினார். எதை ஏற்றுக்கொண்டார் என்று தெரியாது. இன்னொரு தடவை பார்க்கலாமா என்று கேட்டு வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டார்.

பணி ஓய்வுக்குப் பிறகுதான் அந்தக் கருவியின் பூர்வோத்தரத்தைத் தேடிப் படித்தேன். அது பிழைப்புக்காக மலையேறிய மெட்ராஸ்காரக் கருவி. 1786-இல் வில்லியம் பெட்ரி என்ற கம்பெனி அதிகாரி எழும்பூரில் தன் சொந்தச் செலவில் ஒரு வானாய்வுக் கூடம் வைத்திருந்தார். கம்பெனி அதை எடுத்துக்கொண்டு, 1792-இல் நுங்கம்பாக்கத்தில் மைக்கேல் டாப்பிங் வரைந்த திட்டப்படி கட்டிடம் எழுப்பியது. கருவி அதிராமல் நிற்க 15 அடி உயரக் கருங்கல் தூண் ஒன்றை நட்டார்கள். தமிழும் தெலுங்கும் உட்படப் பல மொழிகளில் அதில் எழுத்து வெட்டியிருக்கிறது. கல்லூரிச் சாலை வானிலை மையத்து வளாகத்தில் அந்தத் தூண் இன்றும் இருக்கிறது. புயல் சேதிக்காக நாம் தொலைக்காட்சியில் பார்க்கிற அதே வளாகந்தான்.

அந்தக் கூடத்துக்கு 8 அங்குலக் கருவிக்கு முன்பே, 1850 வாக்கில், ஒரு அக்கா வந்து சேர்ந்திருந்தாள். 6 அங்குலத்துக்குச் சற்றே கூடுதலான வாய். செய்தவர்கள் லெரெபூர், செக்ரெதான் என்ற பாரிஸ் கூட்டாளிகள். பொன்-நெஃப் பாலத்தருகே கடை. தொலைநோக்கி, மூக்குக்கண்ணாடி, அப்போது புதிதாக வந்திருந்த புகைப்படப் பெட்டி எல்லாம் செய்து விற்றவர்கள். பிரெஞ்சில் மூக்குக்கண்ணாடிக்கும் 'லுனெத்', இந்த வகைத் தொலைநோக்கிக்கும் 'லுனெத்'. பள்ளியில் எனக்கு இது பெரிய வேடிக்கையாக இருக்கும். இப்போது வயதான கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான் என்று படுகிறது. நம் கண்மணி இருட்டில் விரிந்தால் அதிகபட்சம் ஏழு மில்லிமீட்டர். 8 அங்குலக் கண்ணாடி 200 மில்லிமீட்டர். பரப்பைக் கணக்கிட்டால் கண்ணைப்போல எண்ணூறு மடங்கு வெளிச்சத்தை அள்ளிக் கொடுக்கிறது.

இந்த மாதிரிக் கருவிகளை நிறுத்துவதில் ஒரு நுணுக்கம் உண்டு. பூமி சுழல்கிற அச்சுக்கு இணையாகக் கருவியின் அச்சும் சாய்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் ஒரே திருப்பலில் நட்சத்திரத்தைத் தொடர முடியும். பாரிசில் அந்த அச்சு தரையிலிருந்து 49 பாகை நிமிர்ந்து நிற்கும். மெட்ராசில் 13 பாகை, கொடைக்கானலில் 10 பாகைக்குச் சற்று மேல். அதாவது நம் பக்கம் வரவர அது படுத்துவிடும். சீமையில் செய்த கருவி இங்கே வந்தால் நம் ஊர் மண்ணுக்கேற்பக் குனிய வேண்டும் என்று படித்தபோது எனக்கு ஒரு அற்பத் திருப்தி.

பிரெஞ்சுக் கருவியில் கண் வைத்தவர் வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப். 1848-இலிருந்து சுமார் பத்து வருஷம் கூடத்தின் தலைவர். 1852-இல் சனியின் உள்வளையம் ஒன்று மெல்லிய சல்லாத்துணிபோல் இருப்பதையும், அதன் வழியே கிரகத்தின் விளிம்பு தெரிவதையும் நுங்கம்பாக்கத்திலிருந்து கண்டு எழுதினார். அதைவிடப் பெரிய காரியம் ஒன்றும் செய்தார். 70 ஒஃபியூகி என்று ஒரு இரட்டை நட்சத்திரம். ஒன்றையொன்று சுற்றும் அந்த இரண்டின் ஓட்டம் கணக்குக்குள் அடங்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு கிரகம் அங்கே இருந்து இழுக்கிறது போலும் என்று 1855-இல் எழுதினார். நம் சூரியனை விட்டு வேறொரு சூரியனுக்குக் கிரகம் இருக்கிறது என்று அளவெடுத்து ஒருவர் சொன்னது உலகத்தில் அதுதான் முதல் தடவை. சொன்ன இடம் நுங்கம்பாக்கம்.

அது தப்பு என்று பிற்பாடு தெரிந்தது. அப்படி ஒரு கிரகம் அந்தப் பாதையில் நிலைத்திருக்கவே முடியாது என்று 1899-இல் மௌல்டன் என்ற அமெரிக்கர் கணக்குப் போட்டுக் காட்டினார். சூரியனைப் போன்ற வேறு நட்சத்திரத்துக்குக் கிரகம் உண்டென்று நிச்சயமாகச் சொல்ல 1995 வரை ஆயிற்று. பிரான்சில் ஓத்-புரொவான்ஸ் கூடத்தில் மேயரும் கெலோவும் பெகாசஸ் மண்டலத்தில் கண்டார்கள். ஆனால் ஜேக்கப் தன் வாதத்தை மட்டுமா எழுதினார்? அளவுகளையும் எழுதி வைத்தார். அதனால்தான் பிறகு வந்தவர்கள் சரிபார்க்க முடிந்தது. குமாஸ்தாவாக இருந்தவனுக்கு இதன் அருமை தெரியும். பதிவேட்டில் நேர்மையாக எழுதிய தப்பைத் திருத்திவிடலாம். எழுதாமல் விட்டதை யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

ஜேக்கப்பின் முடிவு லெ ஜான்தீயின் கதைக்குக் குறைந்ததல்ல. உடம்பு கெட்டு இங்கிலாந்து போனவர், மலைமேல் கருவி வைத்தால் காற்று தெளிவாக இருக்கும் என்று வாதாடி, புனா பக்கத்தில் ஒரு மலைக் கூடத்துக்கு அனுமதியும் பணமும் வாங்கினார். அதே லெரெபூரிடம் 9 அங்குலக் கருவி ஒன்றைத் தன் சொந்தப் பணத்தில் வாங்கியிருந்தார். 1862 ஆகஸ்டில் பம்பாயில் வந்து இறங்கினார். ஒன்றிரண்டு வாரத்துக்குள் புனாவில் இறந்துபோனார்.

அதற்கு முந்தின வருஷமே மெட்ராசில் நார்மன் போக்சன் பொறுப்பேற்றிருந்தார். நட்சத்திரங்களின் பிரகாசத்தைப் படிப்படியாக அளக்கிறார்களே, ஐந்து படிக்கு நூறு மடங்கு, ஒரு படிக்கு 2.512 மடங்கு என்று, அது இவர் 1856-இல் சொன்ன கணக்கு. இன்றும் உலகம் பூராவும் அதுதான். வந்த சில வாரங்களிலேயே, 1861 ஏப்ரல் 17 இரவு, ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். ஆசியாவிலிருந்து கண்ட முதல் சிறுகோள் என்பதால் அதற்கு 'ஆசியா' என்றே பெயர். பிறகு சாஃபோ, சில்வியா, கமில்லா, வேரா என்று நான்கு. எல்லாம் இன்றைக்கு ஒரு நட்சத்திரம்கூட உருப்படியாகத் தெரியாத நுங்கம்பாக்கத்து வானத்தில்.

1872 கடைசியில் அவருக்கு ஜெர்மனியிலிருந்து ஒரு தந்தி வந்தது. கிளிங்கர்ஃபூஸ் என்பவர் அனுப்பியது. பியேலா வால்மீன் நவம்பர் 27-இல் பூமியைத் தொட்டுக்கொண்டு போயிருக்கிறது, சென்டாரஸ் பக்கம் தேடு என்பது சாராம்சம். நமக்கெல்லாம் தந்தி என்றாலே கை நடுங்கும். அவருக்கு வந்தது வால்மீன் சேதி. அது வடகிழக்குப் பருவமழைக் காலம். மேகம் விலகிய இடைவெளியில் பார்த்தால், சொன்ன பக்கத்தில் உண்மையாகவே ஒரு வால்மீன்! இரண்டு நாள் பார்த்தார், மறுபடி மேகம் மூடிக்கொண்டது. அது பியேலாவே இல்லை, தற்செயலாக அங்கே வந்த வேறொன்று என்றுதான் கணக்கு சொல்கிறது. தப்பான விலாசத்துக்குப் போய்ச் சரியான ஆளைப் பார்த்துவிட்டு வந்த கதை.

போக்சனிடம் ஒரு குறையும் உண்டு. கண்ணால் பார்த்ததை உடனுக்குடன் அச்சுக்குக் கொடுக்க மாட்டார். 1862 முதல் 1887 வரை அளந்த 5,303 நட்சத்திரங்களின் அட்டவணை அவர் 1891-இல் இறந்த பிறகுதான், மிச்சி ஸ்மித் கையால் முழுமை பெற்றது. நிலுவைக் கட்டு என்றால் என்ன என்று தெரிந்தவர்கள் இதைப் படித்துப் பெருமூச்சு விடலாம். போக்சனின் மகள் ஐசிஸ் அங்கே கணக்கிடும் வேலையில் 1873 முதல் 25 வருஷம் இருந்தார். மாதச் சம்பளம் 150 ரூபாய். லண்டன் ராயல் வானியல் கழகத்தில் உறுப்பினராக்க அப்பா 1886-இல் பெயர் கொடுத்தபோது, விதிகளில் 'அவன்' என்றுதான் இருக்கிறது, 'அவள்' என்று இல்லை என்று தட்டிவிட்டார்கள். 1920-இல் சேர்த்துக்கொண்டார்கள். கோப்பு 34 வருஷம் தூங்கியிருக்கிறது.

நம்மவர் ஒருவரும் அங்கே இருந்தார். சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்கம் கணிக்கிற குடும்பம். இளம் வயதில் கூடத்தில் சேர்ந்து முதல் உதவியாளராக உயர்ந்தார். 1867 ஜனவரியில், தென்வானத்தில் ஒரு நட்சத்திரத்தின் பிரகாசம் கூடிக் குறைவதைக் கண்டுபிடித்தார். ஆர் ரெட்டிகுலி என்று பெயர். 1872-இல் ராயல் வானியல் கழகத்தில் உறுப்பினரானார். 1874-இல் சுக்கிரன் சூரியனைக் கடந்தபோது, அதைச் சாதாரண ஜனங்களுக்கு விளக்கத் தமிழிலும் வேறு மொழிகளிலும் புத்தகம் போட்டார், ஒரு பண்டிதரும் ஒரு சித்தாந்தியும் பேசிக்கொள்வதுபோல. லெ ஜான்தீய் எதற்காகப் பதினோரு வருஷம் அலைந்தாரோ, அதையே ஒரு தமிழர் தமிழில் சொல்லிக்கொடுத்தார்.

ரகுநாதாச்சாரியைப் பற்றி 'முதல் இந்தியர்' என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு அவர் செய்த வேறொன்றுதான் முக்கியமாகப் படுகிறது. பழைய வாக்கியங்களை மனப்பாடமாக வைத்துக் கணிக்கிற பஞ்சாங்கத்துக்கும், வானத்தில் கருவி காட்டுகிற இடத்துக்கும் வித்தியாசம் வந்துவிட்டது என்று வெளிப்படையாகச் சொல்லி, பார்வையோடு ஒத்துப்போகிற திருக்கணிதப் பஞ்சாங்கம் போட்டார். பகலில் பஞ்சாங்கம், இரவில் தொலைநோக்கி, இரண்டும் ஒரே ஆளின் கையில். வீட்டில் எவ்வளவு பேச்சு வாங்கியிருப்பார் என்று நினைத்துப் பார்க்கிறேன். அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. சனிப்பெயர்ச்சிக்கு இரண்டு தேதி வருகிறதே, அது இதனால்தான். திருக்கணிதப்படி 2025 மார்ச் 29-இல் சனி மீனத்துக்குப் போனார். எங்கள் திருநள்ளாறு கோயிலோ வாக்கியப் பஞ்சாங்கப்படி நடப்பது. அங்கே பெயர்ச்சி 2026-இல்தான் என்று அறிவித்தார்கள். அதே 2025 மார்ச்சில் சனியின் வளையம் நமக்கு விளிம்பைக் காட்டித் திரும்பியதால், தொலைநோக்கியில் கோடாக இளைத்து மறைந்தேபோனது. இதை எந்தப் பஞ்சாங்கமும் போடவில்லை.

1876-78 தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு, மழைக்கும் சூரியனுக்கும் தொடர்பு உண்டா என்று ஆராய வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. அதன் பலனாக மிச்சி ஸ்மித் கொடைக்கானலைத் தேர்ந்தெடுத்தார். 1899-இல் கூடம் மலையேறியது. மலைமேல் கருவி வைக்க வேண்டும் என்ற ஜேக்கப்பின் ஆசை, அவர் போய் 37 வருஷம் கழித்து வேறு மலையில் நிறைவேறியது. பாரிஸ் அக்காவும் லண்டன் தங்கையும் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். அக்காவின் அமைப்பைக் கொஞ்சம் மாற்றி, சூரியனைப் படம் பிடிக்கிற வேலைக்குப் போட்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அவளுக்குப் பகல் ஷிப்ட். தங்கைக்கு ராத்திரி வேலை: வால்மீன், சந்திரன் மறைக்கும் நட்சத்திரம், இடையிடையே எங்களைப் போன்ற வேடிக்கை பார்ப்பவர்கள். அன்றைக்கு நாங்கள் பார்த்தபோது சனி நின்றது ஒஃபியூகஸ் மண்டலத்தில். ஜேக்கப்பின் அந்த 70-ஆம் எண் நட்சத்திரமும் அதே மண்டலந்தான். அப்போது தெரிந்திருந்தால் அதையும் காட்டச் சொல்லியிருப்பேன்.

என் கோப்பு இரண்டு வருஷம் கழித்துக் கிடைத்தது. வேறொரு பிரிவின் கட்டுக்குள், வேறொரு கோப்போடு நூலில் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அதற்குள் சனி தனுசுக்குப் போயிருந்தார். அம்மா அதைத்தான் சொன்னார். நான் மறுத்துப் பேசவில்லை.

ஓய்வுக்குப் பிறகு வாலாஜாபாத்திலேயே தங்கிவிட்டேன். நான் இங்கே வந்த காலத்தில் பாலாற்று மணலில் படுத்தால் பால்வீதி தெரியும். இப்போது கிழக்கே ஒரகடம் பக்கம் இரவு முழுக்க விடியற்காலை மாதிரி வெளுத்துக் கிடக்கிறது. அதைக் குறையாகச் சொல்ல எனக்கு வாய் வராது. எங்கள் தெருவில் பாதி வீடுகளில் அடுப்பெரிவது அந்த வெளிச்சத்தில்தான்.

சனி சுமார் 29 வருஷத்துக்கு ஒரு தடவை அதே இடத்துக்கு வருவார். 2016-இல் மறுபடி விருச்சிகம். அம்மா அப்போது இல்லை. ஆகஸ்ட் 24 இரவு, சனி, செவ்வாய், கேட்டை மூன்றும் ஒரே வரிசையில் நின்றன. மொட்டை மாடிக்குப் போக முழங்கால் இடம் கொடுக்காததால் தெருமுனைக்குப் போய் நின்றேன். தெருவிளக்கையும் மீறி மூன்றும் தெரிந்தன. எதிர்வீட்டுப் பையன், ராத்திரி ஷிப்டுக்குக் கம்பெனி பஸ்ஸுக்காகக் காத்திருந்தான். என்ன சார் பாக்கறீங்க என்றான். கையைக் காட்டி, மேலே இருப்பது சனி என்றேன்.

அவன் சட்டென்று பார்வையைத் தாழ்த்திக்கொண்டான். "சார், எனக்கு ஏழரை நடக்குது. நேரா பாக்கலாமா?"

"எங்கம்மா பாத்தாங்கப்பா. ரெண்டு தடவை."

அவன் சிரித்துக்கொண்டே தலையைத் தூக்கினான். பஸ் வந்துவிட்டது.